உடம்பு என்ன சாம்பல் நிறமா?

கண்டியில் சித்திர வகுப்புக்குப் போகும் பிள்ளை மனித உருவத்தில் கைவைக்கும் வயதை எட்டியதுமே அதற்கு ஒரு சட்டம் ஓதப்படுகிறது. முதலில் கரித்துண்டு, இல்லாவிட்டால் கறுப்புப் பென்சில். ஒளியும் நிழலும் கைக்குப் படிந்த பிறகே வர்ணம். அதிலும் முதலில் நீர்வர்ணம், தேறினால் எண்ணெய் வர்ணம். வர்ணப் பென்சில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வீடும் தென்னை மரமும் தீட்டுவதற்குரியது. நீர் தொட்டால் கரையும் வர்ணப் பென்சில் என்று வாய் திறந்தால் ஏளனம் இன்னும் ஒரு படி ஏறும். அது பென்சிலும் இல்லை, வர்ணமும் இல்லை. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மாமா தகரப் பெட்டியோடு தூக்கிவருகிற அன்பளிப்பு. அதை வைத்துக்கொண்டா மனித உடலை வரையப் போகிறாய்?

இப்படிச் சொல்பவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்லர். பலர் நன்றாக வரைபவர்கள், நல்ல ஆசிரியர்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தை அதன் முழு வலுவோடு எடுத்துவைத்துவிடுகிறேன். உடலின் திரட்சி ஒளியால்தான் தெரிகிறது. எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் இருள், இரண்டுக்கும் நடுவே எத்தனை படிகள் என்று கண் படிக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வருமுன் நிறம் உள்ளே நுழைந்தால் கண் மயங்கிவிடும். சிவப்புச் சேலையின் சிவப்பைப் பார்க்கிற பிள்ளை அதன் மடிப்பைப் பார்க்காது. ஆகவே நிறத்தை வெளியே நிறுத்தி வை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெள்ளைச் சாந்துச் சிலையை வரையப் போகிறவர்களுக்கு நியாயமே. கண்டியில் இருந்துகொண்டு, நம்மைப் போன்ற உடம்புகளை வரையப் போகிறவர்களுக்கு இது தவறான பாடம் என்பதுதான் என் கட்சி.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது? ஐரோப்பியக் கலைக் கழகங்களிலிருந்து. அங்கே மாணவன் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைவான். பிறகு கிரேக்க, ரோமச் சிலைகளின் சாந்து வார்ப்புகளை வரைவான். அதில் தேறிய பிறகே உயிருள்ள மனிதன் முன்னால் உட்கார அனுமதி. தூரிகை அதற்கும் பிறகு. ஆங்கிலேயர் இந்த முறையைத் தம் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் கொண்டுபோனார்கள். 1891இல் தொடங்கப்பட்ட இலங்கைக் கலைச் சங்கத்தின் கண்காட்சிச் சுவர்களில் நெடுங்காலம் கோலோச்சியது அந்த இரசனைதான். அதோடு முரண்பட்டுத்தான் 1943இல் லயனல் வென்ட்டைச் சூழ்ந்தவர்கள் கொழும்பில் '43 குழு'வைக் கட்டினார்கள். நாட்டின் நவீன ஓவியம் எதிலிருந்து வெளியேறி வந்ததோ அதையே இன்றைக்கும் நாம் பிள்ளைகளுக்கு வாசற்படியாகப் போட்டுக்கொடுக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால் ஐரோப்பாவின் பெரிய கைகளே இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. சிஸ்டைன் கூரையின் லிபிய சிபிலுக்காக மைக்கலாஞ்சலோ போட்ட முன்வரைவு இன்று நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த முதுகின் தசைகளெல்லாம் சிவப்புச் சோக்கில் எழுந்தவை. ஹொல்பைன் ஆங்கில அரசவை மனிதர்களை இளஞ்சிவப்புப் பூசிய தாளில் வர்ணச் சோக்குகளால் வரைந்தார். தாளின் நிறமே கன்னத்தின் நிறமாக வேலை செய்தது. வத்தோவுக்குக் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று சோக்கும் ஒரே நேரத்தில் கையில் வேண்டும். இவர்களில் எவரும் நிறத்தை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உருவத்தை மட்டும் உள்ளே அழைத்தவர்கள் அல்லர். உருவம் என்றால் கறுப்பு வெள்ளை என்பது மேதைகளின் நடைமுறையாக ஒருநாளும் இருந்ததில்லை. பெரிய வகுப்பை ஒழுங்காக நடத்த வேண்டிய ஆசிரியரின் வசதியாக இருந்தது.

இந்த இடத்தில் நமது ஊரின் பெயரையே எனக்கு எதிராக எடுப்பார்கள். திருத்துவக் கல்லூரித் தேவாலயத்துச் சுவரோவியங்களைப் போய்ப் பார், டேவிட் பேய்ன்டர் லண்டன் ரோயல் அகடமியில் முறையாகப் பயின்றவர், அந்த அத்திவாரம் இல்லாமல் 1928இலும் அதன் பிறகும் அந்தச் சுவர்களில் அப்படி மனிதர்களை நிறுத்தியிருக்க முடியுமா என்பார்கள். முடிந்திராது; ஒப்புக்கொள்கிறேன். தாடியில்லாத அந்த இயேசுவைப் பார்த்தவர்கள் பேய்ன்டரின் கைவன்மையைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் அதே கல்லூரியில் படித்த இன்னொருவர் இருக்கிறார். 1901இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற். எந்தக் கலைக் கழகத்திலும் பயிலாதவர். இருபதுகளின் பிற்பகுதியில்தான் தீவிரமாக வரையத் தொடங்கினார். பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் 1939–40இல் அவர் எழுப்பிய உருவங்களில் கோடும் நிறமும் ஒன்றையொன்று பிரிந்து நிற்பதில்லை. நிழலிட்டுத் திரட்சி காட்டும் வேலையே அங்கு அபூர்வம். கோடு வளைகிற வளைவில் உடல் திரண்டுவிடுகிறது. ஒரே பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து இரண்டு பாதைகள் புறப்பட்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் பாதை என்று எழுதிப் பலகை மாட்டியது யார்?

கீற்றின் பாதைக்கு முன்னோடி வெளிநாட்டில் மட்டும் இருக்கவில்லை. மகாவலிக்கு அப்பால், அமுனுகமவில், நகரத்திலிருந்து சிறிது நேரப் பயணத்தில் தெகல்தொருவ குகை விகாரை இருக்கிறது. நாயக்க மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கியது. தென்னாட்டிலிருந்து வந்த ஒரு வம்சத்து அரசனின் ஆதரவில் கண்டி ஓவியம் உச்சத்துக்குப் போனதென்பதைத் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் உரிமையோடே நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சுவர்களில் தேவரகம்பொல சில்வத்தென்னையும் உடனிருந்த ஓவியர்களும் வெஸ்ஸந்தர ஜாதகக் கதையை நீண்ட பட்டைகளாக விரித்திருக்கிறார்கள். சிவப்புப் பின்புலம். அதன்மேல் மஞ்சளும் வெள்ளையுமாக உடல்கள். மெல்லிய உறுதியான கோடு. விழும் நிழல் எங்கும் கிடையாது. ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்த கை கிடையாது. ஆயினும் யானை நடக்கிறது, பிள்ளைகள் அழுதுகொண்டு இழுபடுகிறார்கள், அரசன் தானம் கொடுக்கக் குனிகிறான். குனிந்த முதுகில் அந்தக் கொடையின் பாரம் தெரிகிறது.

அவர்கள் எதைக் கொண்டு தீட்டினார்கள் என்பதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியான தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார். அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராக இருந்தவர். மண்ணையும் கல்லையும் அறிந்த கண்ணோடு வர்ணங்களைப் பார்த்தவர். வெள்ளைக்கு மக்குலு என்னும் வெண்களி. மஞ்சளுக்குக் கொக்கட்டு மரத்துப் பிசின். சிவப்புக்குச் சாதிலிங்கம். கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. இவற்றைச் சுவரோடு பிடித்து நிறுத்துவது விளாம்பிசின். கரைப்பது தண்ணீர்.

இனி அந்த ஏளனத்துக்குரிய பென்சிலை உடைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது நிறமி. உடலுக்கு வெண்களி போன்ற ஒரு நிரப்பி. நீரில் கரையும் பிசினோ பசையோ. எழுத வழுக்குவதற்குச் சிறிது மெழுகு அல்லது அதுபோன்ற கொழுப்பு. கண்டி ஓவியர் கிண்ணங்களில் தனித்தனியாக வைத்திருந்ததை யாரோ மரக்குழாயில் அடைத்திருக்கிறார்கள். அப்படி அடைத்து முதலில் விற்றது ஜெனிவாவின் கரன்டாஷ் நிறுவனம், 1931இல், பிரிஸ்மாலோ என்ற பெயரில். பொருள் பழையது, உறை மட்டும் புதியது. கரித்துண்டு உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று சொல்பவர்கள் ஊரின் சுவரோவிய மரபைப் பற்றி மேடையில் உருகிப் பேசிவிட்டு வகுப்பறையில் அதன் நெருங்கிய உறவினரை வெளியே போகச் சொல்கிறார்கள்.

தெகல்தொருவ ஓவியர் எதிரே ஆளை உட்காரவைத்து வரையவில்லையே, அது வாய்ப்பாட்டு உருவம், நாம் பேசுவது கண்ணால் கண்டு வரையும் உருவம் என்று ஒரு மறுமொழி வரும். சரிதான். அந்தச் சுவரைப் பார்த்துப் படியெடுக்கச் சொல்லவில்லை. கோட்டையும் நிறத்தையும் இரண்டு வகுப்புகளாக, இரண்டு வருடங்களாகப் பிரித்துத்தான் உருவத்தைப் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு இந்த மண்ணிலேயே எதிர்ச்சாட்சி இருக்கிறது என்கிறேன், அவ்வளவே.

கண்ணால் கண்டு வரைவதற்கே வருவோம். என் உண்மையான சண்டை அங்கேதான்.

கறுப்பு வெள்ளையில் பயிலும் மாணவனுக்குத் தாளின் வெள்ளைதான் தொடக்கம். வெளிச்சம் படும் இடத்தைத் தாளாகவே விடு, நிழல் விழும் இடத்தைக் கறுப்பாக்கு. இதுவே முதற் பாடம். சாந்துச் சிலைக்கு இது அச்சொட்டாகப் பொருந்தும், ஏனென்றால் சிலை வெள்ளை. எதிரில் இருப்பது கட்டுகஸ்தோட்டையில் லொறியிலிருந்து மரக்கறி மூட்டை இறக்கும் ஒரு மனிதர் என்று வைத்துக்கொள்வோம். வெற்றுடம்பு, கட்டிய சாரம், மத்தியான வெயில். அவர் தோளில் வெயில் விழும் இடம் வெள்ளையா? நல்ல பழுப்பு. வியர்வை படிந்த அந்தப் பழுப்பின்மேல் வானத்தின் நீலம் ஒரு மெல்லிய மினுக்கமாகக் கிடக்கிறது. நிழல் பக்கம் கறுப்பா? அதுவும் இல்லை, செம்மண் தரையிலிருந்து எழும் வெளிச்சம் விலாவுக்குக் கீழே செம்மை ஏற்றியிருக்கிறது. ஒளி குளிர்ந்தும் நிழல் சூடாகவும் இருக்கிற உடம்பு அது.

பென்சிலோடு நிற்கும் மாணவனுக்கு இப்போது இரண்டு வழிகள். வெயில் பட்ட தோளைத் தாளாகவே விட்டால் மூட்டை தூக்குபவர் கிரேக்கச் சிலையாகிவிடுவார். தோல் கறுப்புத்தானே என்று உடம்பு முழுவதும் பென்சிலால் தேய்த்தால், உண்மையான நிழலுக்கு இடமில்லாமல் போய்விடும். உடம்பு தட்டையாகும், பென்சிற்கரி ஈயம்போல் பளபளக்கும். நமது பாடசாலைக் கண்காட்சிகளில் மனித உருவங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு வகையும் நன்றாகத் தெரியும். வெளுத்த மனிதர்கள், அல்லது புகைபிடித்த மனிதர்கள். இந்த முறையில் நமது நிறம் ஒரு நிறமாகப் பதிவதே இல்லை. ஒளியின் குறைவாக, மேலதிக நிழலாக, வரைபவர் சமாளிக்க வேண்டிய சிரமமாகப் பதிகிறது. இதைப் படிப்பின் முதல் அடியிலேயே பிள்ளையின் கண்ணுக்குள் ஏற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்து, இப்போது நிறத்தைப் பார் என்றால் அந்தக் கண் எதைப் பார்க்கும்? நீர்வர்ணத்துக்கு வந்த பிறகும் பழுப்பில் கறுப்பைக் கலந்து நிழல் என்று பூசுகிற பழக்கம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரோடியிருப்பதற்கு வேறென்ன காரணம்?

பழுப்புத் தாளில் கரியும் வெள்ளைச் சோக்கும் வைத்து வரையச் சொன்னால் தீர்ந்ததே என்று நல்ல ஆசிரியர்கள் சொல்வார்கள். அருமையான வழி, நானும் பரிந்துரைப்பேன். அதைச் செய்த கணமே சட்டம் உடைந்துவிட்டது என்பதை மட்டும் அவர்கள் கவனிக்க வேண்டும். தாளின் நிறத்தை உடலின் நிறமாக ஏற்றாயிற்று. நிறம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

வர்ணப் பென்சில் பெட்டியும் இந்த விஷயத்தில் சுத்தமானது என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு நிறப் பெட்டியில் வெளிறிய இளஞ்சிவப்பு ஒன்று இருக்கும். அதைத்தான் நமது பிள்ளைகள் 'தோல் கலர்' என்று எடுத்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பூசுகிறார்கள். அந்த ஒரு பென்சிலை முதல் நாளே அப்புறப்படுத்திவிடலாம். அதற்குப் பதிலாகக் கடையில் பழுப்புப் பென்சில் ஒன்று வாங்குவதும் தீர்வாகாது. தோல் எந்த ஒற்றைப் பென்சிலிலும் கிடையாது. மஞ்சட் காவியை ஒரு திசையில் மெல்லிய கோடுகளாகப் போட்டு, அதன்மேல் செங்காவி, நிழல் பக்கம் இண்டிகோ நீலம். கோடுகளின் இடுக்கு வழியே கீழ்நிறம் தெரிய வேண்டும். பிறகு ஈரத் தூரிகையால் நிழல் பக்கத்தை மட்டும் ஒருமுறை வருடினால், அங்கே மூன்றும் கரைந்து சேர்ந்து உயிருள்ள ஒரு கறுமை பிறக்கும். வெளிச்சப் பக்கத்தில் கோடுகள் உலர்ந்தே நிற்கும். கண்டியில் நாம் தினமும் காணும் தோல் இப்படித்தான் தாளுக்கு வருகிறது.

இனி அந்தப் பெரிய வாதம்: ஒளி நிழற் படிகளைக் கற்க நிறம் தடை. கையில் எடுப்பது ஒரே ஒரு இண்டிகோ பென்சில் என்றால் எங்கே தடை? உலர்ந்த தாளில் மெல்ல உரசினால் வெளிறிய நீலச் சாம்பல், அழுத்தினால் நடுத்தரம், நீர் தொட்டால் அதே கோடு இரண்டு படி இறங்கி இருள்கிறது, பென்சில் முனையையே நனைத்து எழுதினால் கறுப்புக்கு மிக அருகே போகிறது. பளபளப்பு இல்லை. சாதாரண பென்சிலால் பத்து நிமிடம் தேய்த்து எட்டும் இருட்டைத் தூரிகையின் ஒரு வீச்சில் எட்டலாம். ஒளி நிழற் படிகளைப் படிக்க இதைவிடக் கைக்கடக்கமான கருவி எனக்குத் தெரியாது. ஒரு நிறத்தில் தொடங்கிய பிள்ளைக்கு இரண்டாவதாகச் செங்காவியைக் கொடுத்தால் சூடும் குளிர்ச்சியும் பாடமாகிறது. மூன்றாவது நிறம் அதன்பிறகு. இங்கேயும் படிமுறை இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது. நிறத்தைத் தண்டனைபோல் தள்ளிவைக்காத ஒழுங்கு.

உடல் அசைகிறபோது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1906இல் கம்போடிய அரசரோடு அவரது நடனக் குழு பிரான்சுக்கு வந்தது. அறுபத்தைந்து வயது ரொடான் பரீசில் அவர்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் மார்செய்க்குப் போனபோது பின்னாலேயே போனார். சுமார் நூற்றைம்பது வரைவுகள். பென்சிற்கோடு விரைவாக ஓடி வடிவத்தைப் பிடிக்கும். பிறகு நீர்வர்ணம் அதன்மேல் கோட்டைப் பொருட்படுத்தாமல் வழியும். உலகம் கொண்டாடும் உருவ வரைவுகள் அவை. கோடும் நீரும் ஒரே தாளில், ஒரே மூச்சில். பென்சிலும் இல்லை வர்ணமும் இல்லை என்று யாரும் ரொடானை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பவில்லை.

கண்டியில் இருப்பவர்களுக்கு ரொடானைப்போல் ரயிலேறும் அவசியம் இல்லை. எசல பெரஹெர காலத்தில் நடனக்காரர்கள் நமது தெருவால் வருகிறார்கள். முழங்கால்களை வெளிப்புறமாக மடித்துத் தாழ்ந்து நிற்கும் அந்த அடிப்படை நிலை. வெஸ் ஆடையின் மணிக்கோவைகளுக்கு நடுவே தெரியும் வெற்றுத் தோள். கெட்டபெரயவின் எடையை இடுப்பில் தாங்கிக்கொண்டு முதுகை நிமிர்த்தும் மேளகாரர். எதுவும் மூன்று விநாடிக்குமேல் நிற்காது. வெளிச்சமோ தேங்காய்க் கொப்பறா எரியும் பந்தத்தின் செம்மஞ்சள். அதற்கு வெளியே இருட்டு. இதைக் கரியால் வரைபவருக்கு இருட்டு கிடைக்கும், பந்தம் கிடைக்காது. தண்ணீர்க் கிண்ணமும் வர்ணத் தட்டும் விரித்து உட்கார அந்தக் கூட்டத்தில் ஒரு சாண் இடம் இல்லை. பையில் நாலு பென்சில் போதும். நெரிசலில் நின்றபடி உலர்ந்த கோடுகளாக எடுத்துவிட வேண்டும்: பந்தம் படும் விளிம்பு செம்மஞ்சள், மறுவிளிம்பு இண்டிகோ. தண்ணீரை வீட்டுக்குப் போய்த் தொடலாம், இரவே தொடலாம், மறுநாளும் தொடலாம். கோடு காத்திருக்கும். வேறு எந்தச் சாதனமும் வர்ணம் பூசும் நேரத்தை இப்படி வரைபவரின் கையில் விட்டுவைப்பதில்லை. (கண்டி வானம் நமக்கு முந்திக்கொண்டு நீர் தொட்டுவிடும் மாலைகளும் உண்டு. பிளாஸ்டிக் உறை ஒன்று கொண்டுபோவது நல்லது.)

நிர்வாண மாதிரி இல்லாமல் கண்டியில் எப்படி உருவம் வரைவது என்ற பெருமூச்சையும் இதோடு சேர்த்து ஒதுக்கிவிடலாம். ஆற்றில் குளிப்பவர்களும் காவடி தூக்குபவர்களும் நடனக்காரர்களும் இருக்கிற ஊரில் உடம்புக்கா பஞ்சம்? உடுத்த உடம்பும் உடம்புதான்.

ஹந்தானைப் பக்கம் ஏறினால் கொழுந்து எடுக்கும் பெண்கள். வாவியைச் சுற்றியுள்ள கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் படங்களில் இவர்கள் எப்போதும் சிரிக்கிறார்கள். ஒரே குழாயிலிருந்து பிதுக்கிய வழுவழுப்பான பழுப்பு முகம், பின்னால் பச்சைக் கம்பளம். உண்மையில் பார்த்து வரைய உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது முகமே அல்ல. தலையில் மாட்டிய கயிற்றில் முதுகோடு தொங்கும் பாரம். அதை எதிர்த்து முன்னுக்குத் தள்ளிய கழுத்து. இடுப்பில் கட்டிய படங்குக்குக் கீழே சரிவில் ஊன்றிய பாதம், ஒன்று மேலே, ஒன்று கீழே. பிடரியிலிருந்து குதிகால்வரை ஒரே கோடு. அந்தக் கோட்டை இண்டிகோவில் அழுத்திப் போட்டு, பாரம் இறங்கும் பக்கத்தை மட்டும் நனைத்தால், கோடு கரைந்து நிழலாகக் கீழே இறங்கும். எடையின் கோடே எடையின் நிழலாகிவிடுகிறது. கரியில் இதற்கு இரண்டு வேலை: முதலில் கோடு, பிறகு நிழலிடல், இரண்டாவது வேலை முடிவதற்குள் அந்த அம்மா இரண்டு நிரை தாண்டிப் போயிருப்பார். கேட்டுவிட்டு வரையுங்கள், வரைந்ததைக் காட்டுங்கள். படத்தில் தங்கள் முதுகைப் பார்த்து அவர்கள் சொல்லும் விமர்சனம் நடுவர்கள் சொல்வதைவிடப் பயன் தரும்.

இந்தப் பென்சிலில் தீட்டினால் சேறாகிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு உண்மை. ஆனால் பழி பென்சிலுக்கு உரியதல்ல. மாணவர் தாள் முழுவதையும் நனைத்துவிடுகிறார். காய்வதற்குள் மறுபடி நனைக்கிறார். ஈரத் தாளில் பென்சிலை அழுத்தித் தாளின் தோலை உரிக்கிறார். கண்டியின் ஈரக் காற்றில் தாள் காயக் கொழும்பு வெயிலைவிட அதிக நேரம் எடுக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்தான் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டாரே. சித்திரக் கொப்பியின் மெல்லிய தாளில் நீர் பட்டால் அலைபோல் நெளியும் என்பதும் சரி; இருநூறு கிராமுக்குமேல் உள்ள தாள் வேண்டும், ஒரு பெரிய தாளை எட்டாக வெட்டினால் எட்டு உருவத்துக்குக் காணும். நனைத்த பிறகு அழிக்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். நமது வகுப்புகளில் பென்சிலைவிட அழிறப்பர் அதிகம் தேய்வதைப் பார்த்த எவரும் அதைக் குறை என்று சொல்லத் துணிய மாட்டார்கள். ஒரு முழங்கையைப் பதினைந்து தடவை அழித்துச் சரிசெய்யும் பிள்ளை முழங்கையைக் கற்பதில்லை. பதினைந்து முழங்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரையும் பிள்ளைதான் கற்கிறது.

நிறம் வெளிறும் என்பதற்கு மறுமொழி சுருக்கமானது. சில ஊதாக்களும் இளஞ்சிவப்புகளும் வெளிறத்தான் செய்யும். காவிகள் இலேசில் வெளிறா. மனித உருவத்துக்கு நமக்கு வேண்டியவற்றில் பாதி காவிகளே. நல்ல தயாரிப்புகளில் ஒளிதாங்கும் தன்மையைப் பென்சிலின் மேலேயே நட்சத்திரக் குறியால் போட்டிருப்பார்கள், பார்த்து வாங்கலாம். கண்டியில் தாளுக்கு முதல் எதிரி வெளிச்சமும் அல்ல, பூஞ்சணம். அது கரியென்றும் வர்ணமென்றும் பேதம் பார்ப்பதில்லை.

மிஞ்சுவது விலை. இந்த ஒரு வாதத்துக்கு முன்னால் நான் குரலைத் தாழ்த்துகிறேன். இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022இன் ரூபாய் வீழ்ச்சியும் சித்திரப் பொருள்களை எத்தனை வீடுகளுக்கு எட்டாமல் செய்தன என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டப் பாடசாலைப் பிள்ளையிடம் எழுபத்திரண்டு நிறத் தகரப் பெட்டியை வாங்கு என்று சொல்வது அநியாயம். ஆனால் எழுபத்திரண்டை யார் கேட்டது? உருவத்துக்கு ஐந்து போதும்: இண்டிகோ, செங்காவி, மஞ்சட் காவி, செப்பியா, ஒரு செம்மஞ்சள். தனிப் பென்சிலாக விற்கும் கடைகளில் ஐந்தையும் வகுப்பே சேர்ந்து வாங்கலாம். நடுவால் அறுத்தால் ஒரு பென்சில் இரண்டு பிள்ளைகளுக்கு. நீர்வர்ணத்துக்கு வேண்டிய தட்டும் மூன்று தூரிகையும் இதற்குத் தேவையில்லை, ஒரு தூரிகையும் ஒரு பழைய துணித்துண்டும் காணும். மொத்தத்தில் எது மலிவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பிறகும் கரிதான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கரியில் வரையலாம். பெரிய தாளில் தோளிலிருந்து கையை வீசி வரைய அதற்கு நிகர் வேறில்லை. முதலில் அது, பிறகுதான் இது என்று வரிசை கட்டுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். கண்காட்சிக்கு வரும் உருவ வரைவு எதனால் வரையப்பட்டது என்பதைப் பார்த்து மதிப்பெண்ணைக் குறைப்பதையும்.